வலது காலுக்கு முதல் பாடம்



நம் இதழுக்கு வரும் கடிதங்களில் மைலேஜ் பற்றிய கேள்விக்குத்தான் எப்போதும் முதலிடம். அதற்கு அடுத்த இடத்தைப் பல ஆண்டுகளாக வீலிங், அதாவது முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வித்தை, விட்டுக்கொடுத்ததே இல்லை. மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதுகிறார்: "சார், வீலிங் கத்துக்கணும். எந்த பைக் சரியா இருக்கும்? எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்?" கோவையிலிருந்து ஒரு தங்கையின் கேள்வி: "எங்க அண்ணனுக்குச் சொல்லித் தர்றவங்க எனக்கு மட்டும் ஏன் சொல்லித் தர மாட்டேங்கறாங்க?" அதே தபால் கட்டில் ஓர் அம்மாவின் கடிதமும் இருக்கிறது: "பையன் ராத்திரியானா பைபாஸுக்குப் போயிடறான். நாங்க சொன்னா கேக்கறதில்லை. நீங்களாவது நாலு வார்த்தை எழுதக் கூடாதா?"

மூவருக்கும் ஒரே பக்கத்தில் பதில் சொல்ல இந்த மாதம் முயல்கிறேன். "ஆபத்து, செய்யாதே" என்று ஒரு வரியில் முடித்தால் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும். மாணவரோ பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கைபேசியில் காணொளி தேடப் போய்விடுவார். அங்கே முன்சக்கரத்தைத் தூக்குவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். தூக்கியதை இறக்குவது எப்படி என்று நிதானமாகச் சொல்பவர்கள்தான் குறைவு. வீலிங்கில் பாதிக்கு மேல் அந்த இரண்டாவது பாடத்தில்தான் இருக்கிறது. அதைக் கற்கவேண்டியது ஆக்ஸிலேட்டர் பிடிக்கும் கை மட்டுமல்ல. பிரேக் பெடல் மேல் இருக்கும் வலது கால்.

முன்சக்கரம் ஏன் எழுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பின்சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை வண்டியை முன்னால் தள்ளுகிறது. இந்தத் தள்ளல் தரைமட்டத்தில் நடக்கிறது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடையின் மையமோ இன்ஜினுக்கு மேலே, டேங்க்கின் அடிப்பகுதியை ஒட்டி இருக்கிறது. கீழ்ப்பகுதி முன்னால் ஓட, மேலே இருக்கும் எடை பின்தங்கப் பார்க்கிறது. அந்த இழுபறியில் முன்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பூஜ்யமாகிறது. அந்தக் கணத்தில் சக்கரம் தரையை விடுகிறது.

அதற்கு எவ்வளவு வேகமாகப் பாயவேண்டும்? எடை மையம் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு அளவுகள் போதும், கணக்குப் போட்டுவிடலாம். இரண்டுமே 65 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 35 கி.மீ. வீதம் வேகம் கூடவேண்டும். ஆபீஸ் போகும் 100 சிசி வண்டி எதுவும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மட்டும் இப்படிப் பாயாது. அதனால்தான் கிளட்ச் உள்ளே வருகிறது. கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியில் சேர்ந்த விசையைச் சட்டென்று பின்சக்கரத்துக்கு விடுவது ஒரு வழி. அதோடு, அழுந்திய முன் ஃபோர்க் நிமிரும் நேரம் பார்த்து உடலைப் பின்னால் சாய்த்தால் வேலை இன்னும் சுலபம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞர்களாக இருந்தவர்களிடம் இதைச் சொன்னால் உடனே யமஹா ஆர்எக்ஸ் 100 பேச்சுதான் வரும். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் வந்த வண்டி. 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோ சொச்சம். காகிதத்தில் பார்த்தால் பெரிய எண்கள் ஒன்றுமில்லை. ஆனால் எடை குறைவு, நீளம் குறைவு. இன்ஜின் வேகம் ஏறும்போது விசையும் சட்டென்று பொங்கி வரும். முதல் கியரில் அதன் முன்பக்கம் லேசாவதை அனுபவித்தவர்கள் இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் புன்னகைப்பார்கள். அந்தப் புன்னகையை நான் குறை சொல்ல மாட்டேன். வண்டியும் உடலும் ஒன்றாக அசையும் அந்த உணர்வுதான் பலரை இந்த உலகத்துக்குள் இழுத்து வந்தது.

இனிதான் கவனமாகப் படிக்கவேண்டிய இடம். சக்கரத்தைத் தரையிலிருந்து பெயர்க்கும் முதல் ஒரு சாணுக்குத்தான் அதிகபட்ச விசை தேவை. மேலே போகப்போக எடை மையம் பின்சக்கரத்தின் தலைக்கு மேலாக நகர்ந்து வருகிறது. தேவைப்படும் விசை குறைந்துகொண்டே போகிறது. நாம் எடுத்துக்கொண்ட அளவுகளோடு சக்கரத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், வண்டி சுமார் 60 டிகிரி நிமிரும்போது எடை மையம் பின்சக்கரத்துக்கு நேர் மேலே வந்துவிடும். அங்கே வண்டியை நிறுத்திவைக்கக் கூடுதல் விசையே வேண்டாம். அதுதான் பேலன்ஸ் பாயின்ட். அதைத் தாண்டினால் வண்டியின் சொந்த எடையே அதைப் பின்னால் கவிழ்க்கத் தொடங்கும்.

தரையில் இருந்தபோது தேவைப்பட்ட அதே முறுக்கு, முப்பது டிகிரியில் அளவுக்கு மீறியது. ஐம்பதைத் தாண்டினால் ஆளைக் கவிழ்ப்பது. புதிதாகக் கற்பவர் மல்லாக்க விழுவது பெரும்பாலும் இந்தக் கணக்கு தெரியாததால்தான். கூடவே உடலும் எதிராக வேலை செய்கிறது. வண்டி நிமிரும்போது ஆள் சீட்டில் பின்னால் வழுக்குகிறார். விழாமல் இருக்க ஹேண்டில்பாரை இறுகப் பற்றுகிறார். கை நீண்டு இழுபடும்போது மணிக்கட்டு கீழே மடங்குகிறது. ஆக்ஸிலேட்டர் இன்னும் திறந்துகொள்கிறது. மூடவேண்டும் என்று மூளை நினைப்பதற்குள் கை நேர்மாறாகச் செய்து முடித்திருக்கும்.

அந்த நேரத்தில் காப்பாற்றக்கூடியது கால் பிரேக். காற்றில் இருக்கும் முன்சக்கரத்தின் பிரேக் எதற்கும் உதவாது. பின்சக்கரம் மட்டுமே தரையில் இருப்பதால், அதைப் பிடித்தால் விசை எதிர்த்திசையில் வேலை செய்து முன்பக்கத்தை உடனே கீழே கொண்டுவரும். பேலன்ஸ் பாயின்ட்டைச் சற்றுத் தாண்டிவிட்டாலும், கால் சரியான நேரத்தில் பெடலை அழுத்தினால் வண்டி திரும்பி வரும். பழகிய ஸ்டண்ட் ஓட்டுநர்கள் நீண்ட தூரம் ஒற்றைச் சக்கரத்தில் போவதும் இதை வைத்துத்தான். ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் தூக்கும், பிரேக் கொஞ்சம் இறக்கும். இரண்டுக்கும் நடுவே ஓயாத பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கும்.

சென்னையில் ஸ்டண்ட் பயிற்சி தரும் நண்பர் ஒருவர் தன்னிடம் வருபவர்களை முதல் வகுப்பில் சக்கரத்தைத் தூக்கவே விடுவதில்லை. முதல் கியரில், ஆள் ஓடும் வேகத்தில், பாதத்தின் முன்பகுதியைப் பிரேக் பெடல் மேலேயே வைத்தபடி மைதானத்தைச் சுற்றச் சொல்வார். அவர் கை தட்டினால் கால் மட்டும் அழுத்தவேண்டும், கைப் பிரேக்கைத் தொடக் கூடாது. அடுத்த கட்டத்தில் சக்கரம் ஒரு விரற்கடை எழும்பினாலே பிரேக்கை அழுத்தி இறக்கவேண்டும். "எப்போண்ணா மேல தூக்கறது?" என்று பையன்கள் நச்சரிப்பார்கள். "மேல தூக்கறதுக்கு வண்டி இருக்கு. கீழ இறக்க நீதான் இருக்கே. முதல்ல உன் வேலையைப் பாரு தம்பி" என்பார். யோசிக்காமலே கால் இயங்கும் நாள் வரும்வரை அடுத்த பாடம் கிடையாது. பாதிப் பேர் சலித்துப்போய் நின்றுவிடுவார்களாம். நின்றவர்களைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. பொறுமை இல்லாதவர் இந்த மைதானத்திலேயே தெரிந்துவிட்டாரே என்று நிம்மதிப்படுகிறார்.

இறக்குவதிலும் நயம் உண்டு. பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் முன்பக்கம் தொப்பென்று விழுந்து ஃபோர்க்கும் ஸ்டியரிங் கோன்செட்டும் அடிவாங்கும். கீழே வரும்போது ஹேண்டில்பார் நேராக இருக்கவேண்டும். கோணலாகத் தரையைத் தொட்டால் வண்டி உதறும். தொடுவதற்குச் சற்று முன் துளி ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சக்கரம் மெத்தென்று இறங்கும். மேலே இருக்கும்போது திசையைத் திருப்புவது ஹேண்டில்பாரின் வேலை கிடையாது. முழங்காலும் இடுப்பும் ஃபுட்ரெஸ்ட்டில் வைக்கும் பாரமும்தான் அதைச் செய்யும்.

இந்தக் கலையின் பெரிய பெயர்களைப் பார்த்தால், வேகத்தைவிட இந்த நிதானம்தான் கண்ணில் படுகிறது. "வீலி கிங்" என்று பெயர் வாங்கிய அமெரிக்கர் டக் டோமோகோஸ், 1984-இல் அலபாமா மாநிலத்தின் டல்லடேகா பந்தயத் தளத்தில் ஹோண்டா எக்ஸ்ஆர் 500 வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கியவர், 145 மைல், அதாவது சுமார் 233 கி.மீ. கடந்த பிறகுதான் இறக்கினார். சென்னையிலிருந்து சேலம் போகும் வழியில் கள்ளக்குறிச்சியை நெருங்கிவிடும் தூரம் அது. 1991 மே மாதம் ஜப்பானின் யசுயுகி குடோ, ட்சுகுபாவில் உள்ள வாகன ஆய்வு நிறுவனத்தின் சோதனைத் தளத்தில் ஹோண்டா டிஎல்எம் 220 ஆர் வண்டியில் 331 கி.மீ. போய் அதை முறியடித்தார். இருபத்தாறு ஆண்டுகள் அதை யாரும் தொடவில்லை. 2017-இல் இன்னொரு ஜப்பானியர், மசாரு அபே, யமஹா ஜாக் என்ற சாதாரண ஸ்கூட்டரில் 13 மணி நேரம் ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டி 500 கி.மீ. தாண்டினார். வகுத்துப் பாருங்கள்: சராசரி வேகம் மணிக்கு 38 கி.மீ.தான். நம் ஊர்க் கடைவீதியைத் தாண்டினால் ஸ்கூட்டி போகும் வேகம். "பெரிய பைக் வாங்கினால்தான் வீலிங்" என்று அப்பாவிடம் அடம்பிடிக்கும் தம்பிகள் இந்த ஸ்கூட்டர்க்காரரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வேகச் சாதனைகளும் இருக்கின்றன. ஸ்வீடனின் பாட்ரிக் ஃபர்ஸ்டன்ஹாஃப் 1999 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரன்டிங்தார்ப் ஓடுதளத்தில் ஒற்றைச் சக்கரத்தில் மணிக்கு 307 கி.மீ. தாண்டினார். 2017-இல் டெட் பிராடி, யார்க்ஷயரின் எல்விங்டன் ஓடுதளத்தில் 350 கி.மீ. வேகத்தைத் தொட்டார். பிரன்டிங்தார்ப், எல்விங்டன் இரண்டுமே பழைய ராணுவ விமான தளங்கள். இந்தச் செய்தியைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும். டல்லடேகாவோ ட்சுகுபாவோ எல்விங்டனோ, இவர்கள் யாரும் எதிரே லாரி வரும் சாலையில் இதைச் செய்யவில்லை.

இன்னொரு வேடிக்கை. பந்தய உலகில் வீலிங் ஒரு தொல்லை. முன்சக்கரம் எழுந்தால் ஓட்டுநர் விசையைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் நேரம் போகும். அதைக் கீழே பிடித்துவைக்கத்தான் டுகாட்டி 2015-இல் தன் மோட்டோஜிபி வண்டிக்குச் சிறகுகள் வைத்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அதே ஆண்டு வந்த யமஹா ஆர் 1, வண்டியின் சாய்வையும் நிமிர்வையும் உணரும் கருவியை வைத்து, முன்சக்கரம் எழுந்தால் இன்ஜின் விசையைத் தானே குறைக்கும் வசதியோடு விற்பனைக்கே வந்தது. டிராக் ரேஸ் வண்டிகளின் பின்னால் நீண்டிருக்கும் கம்பியும் குட்டிச் சக்கரங்களும் அதே வேலைக்குத்தான். நம் பையன்கள் தூக்கப் படாதபாடு படும் சக்கரத்தைக் கீழே வைத்திருக்க உலகத்தின் தலைசிறந்த பொறியாளர்கள் படாதபாடு படுகிறார்கள்!

முன்சக்கரத்தைத் தூக்குவது வாழ்வாதாரமாக இருக்கும் இடமும் உண்டு. பாறை, மரக்கட்டை, பள்ளம் என்று வழியே இல்லாத இடத்தில் வண்டியைக் கொண்டுபோகும் டிரையல்ஸ் போட்டியில் அது அடிப்படைத் திறமை. ஸ்பெயினின் டோனி போவ் 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலகப் பட்டத்தை வென்றவர். அவர் ஓட்டுவதைப் பாருங்கள், முன்சக்கரம் எங்கே இறங்கவேண்டும் என்பதை அங்குலக் கணக்கில் தீர்மானிக்கிறார். 2015-இல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ் போன்றவர்கள் ஓட்டும் பாதைகளிலும், சரியான நேரத்தில் முன்பக்கத்தை லேசாக்கத் தெரியாதவர் முதல் வாய்க்காலிலேயே நின்றுவிடுவார். மதுரை மாணவருக்கு என் பதிலின் ஒரு பகுதி இதுதான். கைதட்டலுக்காக மட்டும் கற்காதீர்கள், தம்பி. மண்பாதையில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைத் தூக்குவது அந்தப் படிப்பின் ஒரு பாடமாகத் தானே வந்து சேரும்.

கோவைத் தங்கைக்கும் ஒரு வார்த்தை. லக்னோவைச் சேர்ந்த அனம் ஹாஷிம் என்ற ஸ்டண்ட் ஓட்டுநர் 2015-இல் டிவிஎஸ் ஸ்கூட்டி ஜெஸ்ட் வண்டியிலேயே லடாக்கின் கர்துங் லா கணவாய் வரை ஏறிப்போய் வந்தார். எடை மையத்துக்கு ஆண், பெண் தெரியாது. உங்களுக்குச் சொல்லித்தர மறுப்பவரிடம் போகவேண்டாம். பாதுகாப்பு உடை இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பும் பயிற்சியாளரைத் தேடுங்கள்.

எப்படித் தொடங்குவது? சைக்கிளில் தொடங்குங்கள். பின்பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு, சக்கரம் எழுந்ததும் இறக்கப் பழகுவதற்கு அதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது. அடுத்து 18 வயதாகி ஓட்டுநர் உரிமமும் பெற்றபிறகு, தெரிந்தவர் மேற்பார்வையில், வேலியிட்ட சமதளமான மைதானத்தில், 150 அல்லது 200 சிசி பழைய வண்டியில். ஐஎஸ் 4151 முத்திரையுள்ள முழு முக ஹெல்மெட், முதுகுக் காப்பு, முழங்கால் முழங்கை காப்புகள், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ். முதுகுக் காப்பை அழுத்திச் சொல்கிறேன். மல்லாக்க விழுபவர் முதலில் தரையில் இறக்குவது முதுகெலும்பைத்தான். தனியாகப் பழகவே கூடாது. கூட ஒருவர், முதலுதவிப் பெட்டி, வெளியே போக ஒரு கார் தயாராக இருக்கவேண்டும். வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் வண்டி குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் இன்ஜினைத் தானே நிறுத்தும் கருவி பொருத்தியிருப்பார்கள். நம் ஊர் ஸ்டண்ட் வண்டிகளிலும் பின்னால் ஒரு கம்பி இருக்கும். வண்டி செங்குத்தானால் அது தரையில் உரசித் தாங்கிக்கொள்ளும். பின் ஸ்ப்ராக்கெட் பெரிதாக இருக்கும். இன்ஜினைச் சுற்றிக் கம்பிக் கூண்டு இருக்கும். இவை எதுவும் தினமும் வேலைக்குப் போகும் வண்டியில் இருக்காது.

தினசரி வண்டியில் செய்தால் வேறு செலவுகளும் காத்திருக்கின்றன. வண்டி வெகுநேரம் நிமிர்ந்தே இருந்தால் இன்ஜின் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி, ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கலாம். இன்ஜின் பிடித்துக்கொண்டால் அப்பாவின் சம்பளத்தில் ஒரு மாதம் போகும். கிளட்ச் பிளேட், செயின், கோன்செட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மெக்கானிக் கடையில் வண்டியைப் பார்த்ததும் "தம்பி, ராத்திரி எங்கே போனே?" என்று கேட்டுவிடுவார். அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

சாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கிய யூடியூபர் ஒருவர் தூக்கியெறியப்பட்டுக் கை முறிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் பாதுகாப்பு உடை அணிந்திருந்தார், அனுபவமும் இருந்தது. இருந்தும் நெடுஞ்சாலை தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. கைது, சிறை, அதற்குப் பிறகு ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்து. அதே ஆண்டு தீபாவளிக்கு, திருச்சியில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே பட்டாசு வெடித்த காணொளி பரவி, அதிலும் கைதுகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்கு முதல் முறையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவைப் பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளை வாகனக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்குபவருக்கு முன்னால் பத்து மீட்டர் தெரிவதில்லை. வண்டியே பார்வையை மறைக்கிறது. கைப் பிரேக் இல்லை. திசை திருப்பும் வசதி கிட்டத்தட்ட இல்லை. அந்த நேரத்தில் சாலையைக் கடக்கும் பாட்டிக்கும், கறவை முடித்துப் பால் கேனோடு மொபெட்டில் வருபவருக்கும் இந்த ஆட்டத்தில் பங்கேற்க விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. தன் முதுகெலும்பைப் பணயம் வைப்பது ஒருவர் விருப்பம் என்று வாதாடலாம். அடுத்தவர் முதுகெலும்பை வைத்து ஆட யாருக்கும் உரிமையில்லை.

அந்த அம்மாவிடம் இப்போது நேரடியாகப் பேசுகிறேன். அம்மா, சாவியைப் பிடுங்கிவைத்தால் அவன் நண்பனின் வண்டியை எடுப்பான். அவனை உட்காரவைத்து, "கால் பிரேக்கை எப்போ அழுத்துவே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், அவன் இன்னும் ஒன்றும் கற்கவில்லை என்பது அவனுக்கே புரியும். பதில் சொன்னால், அவனை அழைத்துக்கொண்டு ஒரு நல்ல பயிற்சியாளரிடம் போங்கள். கட்டணத்தைக் கொடுத்துவிட்டு மைதானத்தின் ஓரத்தில் நீங்களும் நில்லுங்கள். இரவில் பைபாஸில் நடப்பது பகலில் உங்கள் கண்முன் நடந்தால், அதிலிருந்த திருட்டுக் கவர்ச்சி பாதி போய்விடும்.

"மைதானம் எங்கே இருக்கிறது சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. ஊரே திரண்டு போய்ப் பார்த்த காலம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்தது. பந்தய ஓட்டுநர் கரிவரதன் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் இன்னொன்று வந்தது. இரண்டும் நாட்டுக்கே பெருமை. ஆனால் தூத்துக்குடியிலோ தருமபுரியிலோ இருக்கும் பையனுக்கு அவை எட்டாத தூரம், எட்டாத செலவு.

தென்னாப்பிரிக்காவில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் தெருவில் காரைச் சுழற்றும் "ஸ்பின்னிங்" வித்தையைப் போலீஸ் பல ஆண்டுகள் துரத்தியது. 2014-இல் அந்நாட்டின் மோட்டார் விளையாட்டு அமைப்பு அதை முறையான போட்டியாக ஏற்றது. வேலி வந்தது, விதி வந்தது, பார்வையாளருக்கு டிக்கெட் வந்தது, பெண் ஓட்டுநர்கள் புகழ்பெற்றார்கள். தெருவில் அது முழுதாக நின்றுவிட்டது என்று சொல்லவரவில்லை. போக ஓர் இடம் கிடைத்தது.

பிரன்டிங்தார்ப்பையும் எல்விங்டனையும் மனதில் வைக்கச் சொன்னேனே. போருக்குக் கட்டிய ஓடுதளங்களை இங்கிலாந்து இப்படிப் பயன்படுத்திக்கொண்டது. சோழவரத்தில் நம் முன்னோர்கள் அதே புத்திசாலித்தனத்தைக் காட்டியிருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு பக்கமும் அந்தக் காலத்து ஓடுதளங்கள் உண்டு. வேறு திட்டங்களுக்குப் போனவை போக, எங்கேனும் ஒரு நூறு மீட்டர் நீளத் தார்த்தளம், சுற்றி வேலி, மாதம் இரண்டு ஞாயிறு, பதிவு பெற்ற பயிற்சியாளர், வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் போதும். அதற்கு விமான ஓடுதளம்கூட வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விடுமுறை நாள் தளமே போதுமானது. பைபாஸில் இரவு முழுக்கத் தடுப்பு வைத்துக் காவல் காக்கும் காவலர்களுக்கு ஆகும் செலவைவிட இது அதிகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனவே உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் மாவட்டத்தில் இப்படிப் பயன்படக்கூடிய இடம் எது, அது எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது, அருகில் குடியிருப்போ பள்ளியோ இருக்கிறதா, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்ற நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் புகைப்படத்தோடு அனுப்புங்கள். வரும் விவரங்களைத் தொகுத்து, அந்தந்த மாவட்ட ஆட்சியருக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் நம் இதழின் சார்பில் மனுவாக அனுப்புவோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இதே பக்கத்தில் அச்சிடுவோம்.

இந்த இதழில் சோழவரம் பந்தயங்களை நேரில் பார்த்தவர்களின் நினைவுகள் இருக்கின்றன. ஹெல்மெட் வாங்கும்போது போலி முத்திரையைக் கண்டுபிடிப்பது பற்றிய கட்டுரையும், மண்பாதையில் ஓட்டத் தொடங்குபவர்களுக்கான முதல் பாடமும் இருக்கின்றன. மதுரைத் தம்பி மூன்றாவதிலிருந்து படிக்கத் தொடங்கலாம். படித்து முடித்ததும் உங்கள் ஊர் மைதானத்தின் விவரங்களை அனுப்பவேண்டிய முதல் ஆளும் நீங்கள்தான்.

அன்புடன்,
ஆசிரியர்